இரண்டாவது தொப்பிக்கு மூன்று கற்கள்

பழைய ஜெர்மன் இராணுவத் தொப்பிகளைச் சேகரிக்கிற நண்பர்கள் சிலர் பாலக்காட்டிலும் கோவையிலும் இருக்கிறார்கள். எங்கிருந்தாவது ஒரு இரும்புத் தொப்பி கிடைத்தால் உடனே கைப்பேசியில் படம் எடுத்து எனக்கு அனுப்பி, "இது அபூர்வமா, சாதாரணமா?" என்று கேட்பார்கள். படத்தைப் பார்த்து நான் எதுவும் சொல்வதில்லை. கையில் எடுக்காமல் சொல்லக் கூடாது என்பது நான் கற்ற முறை. அப்படியானால் அந்த முறையையாவது எழுதிக் கொடுங்கள் என்று போன வருடம் வற்புறுத்தினார்கள்.

எழுத உட்கார்ந்ததும் எனக்குத் தயக்கம் வந்தது. என் வேலைக்காலத்தில் ஒரு முறை, ஒரே ஒரு முறை, ஒரு வீட்டிலிருந்த அசல் தொப்பியை எடுத்துக்கொண்டு அதன் இடத்தில் வேறொன்றை வைத்துவிட்டு வந்தவன் நான். அதையும் சேர்த்துத்தான் எழுத முடியும் என்றேன். எழுதுங்கள் என்றார்கள்.

எனக்கு ஊர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வரலாறு படித்து முதுகலை முடித்தும் வாத்தியார் வேலை கிடைக்காமல், பாலக்காட்டில் ஒரு பழம்பொருள் கடையில் சேர்ந்தேன். கடைக்காரர் கல்பாத்திக்காரர், கிருஷ்ணய்யர். நாங்கள் சாமி என்போம். விளக்கு, கடிகாரம், தேக்கு அலமாரி எல்லாம் விற்பார். ஜெர்மன் தொப்பிகளை மட்டும் விற்க மாட்டார். அவை அவருடைய சொந்தச் சேகரிப்பு. மாடியில் ஓர் அறை முழுக்க இருந்தன. எதற்கு இதைப் போய்ச் சேர்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், "இத்தனை கெட்டியான இரும்பைத் தலையிலே கவுத்தும் தலை மிஞ்சலை பாரு, அதை மறக்கப்படாதுன்னுதான்" என்பார். ஒருமுறை ஒரு இளைஞர் கூட்டம் அந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஹிட்லர் ஆட்கள் மாதிரி கையை நீட்டிப் படம் எடுக்கப் பார்த்தது. சாமி விசிறிக்கட்டையோடு எழுந்துவிட்டார். "ஆராதிக்கற சாமானில்லை இது, எறங்குங்கோ கீழே" என்றார். பிறகு அந்த அறைக்கு இரண்டாவது பூட்டும் வந்தது.

அவரிடம் தொழில் படித்த மூன்று வருடங்களைச் சுருக்கிச் சொல்லிவிடலாம். துடைத்தேன், சுமந்தேன், தப்பாகச் சொன்னேன், திட்டு வாங்கினேன். சாமி பார்க்கும் முறையைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

தரையில் சம்மணம் போட்டு உட்காருவார். துவைத்த வேட்டியை நாலாக மடித்து முன்னால் விரிப்பார். தொப்பியை அதில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். "கண்ணு பொய் சொல்லும் பழனி. மொதல்லே கையாலே பாரு" என்று என்னிடம் சொல்வார். கட்டைவிரல் முதலில் விளிம்புக்குப் போகும். இரண்டாம் உலகப் போருக்கு முன்னும், போரின் தொடக்கத்திலும் செய்த தொப்பிகளின் விளிம்பை உள்பக்கமாக மடித்து உருட்டியிருப்பார்கள். போர் முற்றியபோது நேரமும் ஆளும் இல்லை. தகட்டை வெட்டியபடியே விட்டுவிட்டார்கள். அந்த விளிம்பு கையைக் கீறும். அடுத்தது காற்றுத் துளை. முந்தியவற்றில் துளைக்குத் தனி வளையம் பதித்திருக்கும். பிந்தியவற்றில் தகட்டையே குழித்துவிட்டிருப்பார்கள். பிறகு உள்ளே இடப்பக்கம் எழுத்தும் எண்ணும் குத்தியிருக்கும். எழுத்து ஆலையைச் சொல்லும், எண் அளவைச் சொல்லும். அதன் பிறகு உள்தோல். எட்டு நாக்கு மாதிரி வெட்டிய தோல், மூன்று ஆணிகளில் நிற்கும். ஆணித்தலையில் பெயின்ட் உடைந்திருந்தால் யாரோ கழற்றி மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

கடைசியாகத்தான் சின்னங்கள். போருக்கு முந்திய தொப்பிகளில் ஒரு பக்கம் கழுகும் மறுபக்கம் மூவண்ணக் கேடயமும் ஒட்டியிருப்பார்கள். போர் தொடங்கியதும் கேடயத்தை அழிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அதனால் இரண்டு சின்னமும் மிஞ்சிய தொப்பி கிடைப்பது அருமை. பாலைவனத்துக்குப் போன படைகள் அதன்மேல் மணல் நிறப் பெயின்டைப் பூசின. சாமி அந்தப் பெயின்டின்மேல் நகத்தின் பின்பக்கத்தை மெதுவாக ஓட்டுவார். அடியில் சின்னம் இருந்தால் ஒரு மயிரிழை மேடு தட்டும். தட்டினாலும் சுரண்ட விடமாட்டார். "மேலே பூசினதும் அதோட கதைதான். சொரண்டினா கதை போச்சு."

இவ்வளவும் முடிந்து நான் என் முடிவைச் சொல்வேன். அவர் "ஏன்?" என்பார். காரணம் சொல்வேன். மறுபடி "ஏன்?" அதற்கும் சொல்வேன். மூன்றாவது "ஏன்?" வரும். மூன்றுக்கும் பதில் நின்றால்தான் அட்டை எழுதுவார். ஒவ்வொரு தொப்பிக்கும் ஓர் அட்டை உண்டு. அதன் கடைசி வரி, யார் கையிலிருந்து வந்தது என்பது. அட்டை எழுதிய பிறகுதான் காப்பி.

எனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஒரு கோவை மில் முதலாளி கொண்டுவந்த தொப்பி. இரண்டு சின்னமும் பளிச்சென்று இருந்தன. நான் உள்ளே மூக்கை விட்டுப் பார்த்துவிட்டு, "இது புதுத் தோலுங்க" என்றேன்.

"ஏனுங்க, அம்பது வருசத்துச் சாமானுங்க! நிறத்தைப் பாருங்க" என்று அவர் கோபித்துக்கொண்டார்.

"நிறம் சரிதானுங்க. ஆனா டீத்தூள் வாசம் அடிக்குதுங்க. டிகாசன்ல ஊறப்போட்டுப் பழசாக்கியிருக்காங்க."

சாமி வாங்கி முகர்ந்து பார்த்தார். "பால் மட்டும்தான் விடலை" என்றார். முதலாளிக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்று சாமி என்னிடம் "ஏன்?" கேட்கவில்லை, "பேஷ்" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக அடுத்த பத்து வருடம் உழைத்தேன் என்றுகூடச் சொல்லலாம். நான் செய்த தப்புக்கும் அந்தச் சொல்மேல் இருந்த ஆசைதான் காரணம்.

மலைமேல் சின்னக்கானல் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் பங்களாவின் பழைய சாமான்களைப் பார்க்க சாமி என்னை அனுப்பினார். அங்கே ஒன்றும் தேறவில்லை. பங்களா காவல்காரர், "தொப்பிதானே? கீழ லயத்துல சவரிமுத்து வீட்டுல ஒண்ணு இருக்கு" என்றார். தேயிலைத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளைத்தான் லயம் என்பார்கள். போனேன். சவரிமுத்து இறந்து சில வருடம் ஆகியிருந்தது. மகன் வேலைக்குப் போயிருந்தார்; மனைவி ஞானம்மாவும் மகள் புஷ்பமும் இருந்தார்கள். புஷ்பம் கொழுந்து எடுக்கும் பெண்களுக்கு மேற்பார்வை. என் வயதுதான் இருக்கும்.

"அம்மிணி, ஒரு பழைய இரும்புத் தொப்பி இருக்குதாமுங்க?" என்றேன்.

"அம்மிணியா? அது யாரு? என் பேரு புஷ்பம்" என்று சிரித்தார். "உள்ள வாங்க அண்ணாச்சி. தொப்பிய எதுக்குக் கேக்கிய?"

மாதா படத்துக்குக் கீழே இருந்த பலகையிலிருந்து அதை எடுத்துவந்தார். தலைகீழாக, ஒரு பாத்திரத்தைப் பிடிப்பதுபோல் இரண்டு கையால் ஏந்தி வந்தார். உள்ளே உயரம் குறைத்து வெட்டிய பால்மாவு டின் ஒன்று. டின்னில் மணல். மணலில் எரிந்து தீர்ந்த மெழுகுவர்த்தியின் அடி.

கதையை அவர்தான் சொன்னார். சவரிமுத்து வெள்ளைக்காரன் பட்டாளத்தில் கண்ணிவெடி எடுக்கிற வேலையில் ஆப்பிரிக்காப் பாலைவனத்தில் இருந்திருக்கிறார். ஒருநாள் மணலில் ஒரு ஜெர்மன் சிப்பாயின் உடலைப் பார்த்தார். சிப்பாயின் பெயர் பொறித்த வில்லை கழுத்தில் இல்லை. அங்கேயே புதைத்தார். மறுநாள் பார்த்தால் காற்று குழியின் அடையாளத்தையே அழித்துவிட்டது. எங்கே புதைத்தோம் என்று தெரியாத ஒருவனுக்கு வேறென்ன செய்வது? அவன் தொப்பியைக் கையோடு கொண்டுவந்தார். ஊர் திரும்பியதிலிருந்து, இறந்தோரை நினைத்து நவம்பர் தொடக்கத்தில் வரும் ஒவ்வொரு கல்லறைத் திருநாளன்றும் எஸ்டேட் கல்லறைத் தோட்டத்தில், சொந்தக்காரர்களின் கல்லறை ஓரத்தில், அந்தத் தொப்பியைத் தலைகீழாக வைத்து அதற்குள் மெழுகுவர்த்தி ஏற்றுவார். பங்குச்சாமியார் வாசிக்கும் இறந்தோர் பட்டியலுக்கும் ஒரு பெயர் கொடுப்பார். மணல்காரர்.

"எங்க ஊருக் காத்துக்கு எல்லாக் கல்லறையிலயும் மெழுகுதிரி அணைஞ்சிரும். மணல்காரருக்கு மட்டும் அணையாது. தொப்பிக்குள்ள இருக்காருல்லா" என்றார் புஷ்பம்.

நான் கேட்டுக்கொண்டேதான் இருந்தேன். ஆனால் கட்டைவிரல் அதன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. உருட்டிய விளிம்பு. தனி வளையம் பதித்த துளை. அளவு அறுபத்து நான்கு. தொடாத ஆணிகள். மேலே மணல் நிறப் பெயின்ட். நகத்தின் பின்பக்கத்தை ஓட்டினேன். இடப்பக்கம் மேடு தட்டியது. வலப்பக்கமும் தட்டியது. இரண்டு சின்னமும் அடியில் இருந்தன. உச்சியில் மட்டும் உள்ளங்கை அளவுக்குத் தட்டையான ஒரு நசுங்கல். அதை ஒரு குறையாக மனதில் குறித்துக்கொண்டேன்.

கொடுப்பீர்களா என்று கேட்டேன். அதுவரை பேசாமல் இருந்த ஞானம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "மணல்காரரோட ஆளுக வந்து கேட்டா குடுத்துரணும்னு அவுக சொல்லிட்டுப் போயிருக்காக. நீங்க அவருக்குச் சொந்தமா?" என்றவர், "பாத்தா அப்பிடித் தெரியலையே" என்று முடித்தார். புஷ்பம் வாயை முந்தானையால் மூடிக்கொண்டார்.

அப்போது நான் சொன்னது பாதி உண்மை. உள்ளே துரு ஏறுகிறது, மருந்து போட்டு நிறுத்தாவிட்டால் சில வருடத்தில் தகடு பொத்துவிடும் என்றேன். துரு இருந்தது. எடுத்துப் போய்ச் சரிசெய்து தருகிறேன் என்றேன். அந்த வாக்கை நான் காப்பாற்றவில்லை.

ஞானம்மா ஒரு வெள்ளைத் துணியில் தொப்பியை டின்னோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்தார். "கல்லறைத் திருநாளுக்கு முந்தி கொண்டாந்துருங்க ஐயா. அவருக்கு வேற எடம் இல்ல."

சாமி என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. இதைத் தெளிவாக எழுதிவிட வேண்டும். நான் தொப்பியை மடித்த வேட்டியில் வைத்தேன். அவர் கண்ணை மூடி விளிம்பைத் தடவினார், நகத்தை ஓட்டினார், இரண்டாவது மேட்டில் விரல் நின்றது. கண்ணைத் திறக்காமலே "பேஷ்" என்றார். பிறகு அட்டையை எடுத்தார்.

"யார் கையிலேர்ந்து?"

"சின்னக்கானல்ல ஒரு குடும்பம் சாமி. அவுங்களே குடுத்துட்டாங்க."

"ஏன்?"

"இடம் இல்லைன்னாங்க."

ஞானம்மா சொன்ன சொல்லையே எடுத்துத் திருப்பிப் போட்டேன். சாமி சற்று நேரம் என்னைப் பார்த்தார். இரண்டாவது "ஏன்?" வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அட்டையை எழுதி முடித்தார். அன்று காப்பியைப் பாதியில் வைத்துவிட்டார்.

பதிலுக்குக் கொடுக்க என் சொந்தச் சேமிப்பில் ஒரு தொப்பி இருந்தது. போரின் கடைசிக் காலத்தது, சாதாரண ரகம், அதே அளவு. மணல் கலந்த பெயின்ட் பூசினேன். உச்சியில் உருண்டைத் தலைச் சுத்தியலால் ஒரு நசுங்கல் உண்டாக்கினேன். அதே டின்னை, அதே மணலோடு உள்ளே வைத்தேன். விளிம்பு மட்டும் உருட்டாத விளிம்பு. அது எனக்குத் தெரியும். மலையில் அதை யார் தடவிப் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

கல்லறைத் திருநாளுக்கு ஒரு வாரம் முன்பு கொண்டுபோய்க் கொடுத்தேன். ஞானம்மா இரண்டு கையாலும் வாங்கினார். அவருடைய கட்டைவிரல் விளிம்பில் ஒருமுறை போய் வந்தது. என் முகத்தைப் பார்த்தார். "காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்றார். குடித்தேன்.

அதன் பிறகும் என் வேலைக்காலம் நன்றாகவே போனது. அதை மறைக்க வேண்டியதில்லை. நல்ல சம்பளம், விருப்பமான வேலை, மதிப்பான எஜமானர். மாடி அறைக்குப் போகும்போது மட்டும் அந்தத் தொப்பி இருந்த அலமாரித் தட்டைப் பார்க்காமல் கடந்துவிடப் பழகிக்கொண்டேன். நவம்பர் தொடக்கத்தில் ஏதாவது காரணம் சொல்லி விடுப்பு எடுப்பேன்.

சாமிக்குக் கண் மங்கியதும் கடையை மூடினார். சேகரிப்பு வேறு கைக்குப் போகுமுன் என்னை மாடிக்கு அழைத்து, "ஒண்ணு எடுத்துக்கோ, எது வேணுமோ" என்றார். நான் அந்தத் தட்டுக்குப் போனேன். எடுத்துவந்து அவர் மடியில் வைத்தேன். நகத்தை ஓட்டிப் பார்த்து எதுவென்று தெரிந்துகொண்டார்.

"இதைத்தான் எடுப்பாய்னு நெனச்சேன். அன்னிக்கு ஒரே ஒரு தடவைதான் ஏன்னு கேட்டேன், கேட்டயா. இன்னும் ரெண்டு பாக்கி இருக்கு. கேக்கட்டுமா?"

நான் குனிந்து அவர் மடியிலிருந்த தொப்பியின் விளிம்பைத் தொட்டேன்.

"வேண்டாம். எனக்கும் அன்னிக்குப் பதில் வேண்டியிருக்கலை. தொப்பிதான் வேண்டியிருந்தது. எடுத்துண்டு போ."

அட்டையையும் கொடுத்தார். அதே வருடம் போய்ச் சேர்ந்தார். நான் எடுத்து வந்தேனே தவிர, உடனே சின்னக்கானலுக்குப் போகவில்லை. எங்கள் வீட்டு அலமாரிமேல் அது ஒன்பது வருடம் இருந்தது. "ஏனுங்க, இந்தச் சட்டிய எப்பத்தான் ஊட்ட விட்டுக் கொண்டுபோவீங்க?" என்று என் மனைவி தூசி தட்டும்போதெல்லாம் கேட்பார். கோழைத்தனம் என்பதைத் தவிர வேறு காரணம் சொல்லத் தெரியவில்லை.

போன வருடம் நண்பர்கள் எழுதச் சொன்னதும்தான் கிளம்பினேன். கல்லறைத் திருநாளன்று காலை, உடுமலை, மறையூர் வழியாக. சோதனைச்சாவடியில் வனக்காவலர் பையைத் திறந்து பார்த்து, "ஹெல்மெட்டா? ஸ்ட்ராப் இல்லாம வண்டி ஓட்டினா ஃபைன் உண்டு சேட்டா" என்றார். நான் பஸ்ஸில் வந்தவன். அந்தப் பயணத்தில் நான் சிரித்தது அங்கே மட்டும்தான்.

புஷ்பம் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, ரிசார்ட்டில் வேலை பார்க்கும் மகனோடு அதே லயத்தில் இருந்தார். ஞானம்மா போய்ச் சேர்ந்து வெகுநாள் ஆகியிருந்தது. முற்றத்தில் நின்றபடியே பையிலிருந்து தொப்பியை எடுத்தேன். வழியெல்லாம் மனப்பாடம் செய்துவந்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை.

"இதுதானுங்க உங்களுது. அன்னைக்கு நான் கொண்டுவந்து குடுத்தது வேற. மாத்தி வெச்சுட்டேன்."

அவர் வாங்கினார். தலைகீழாகத் திருப்பி, கட்டைவிரலை விளிம்பில் ஓட்டினார்.

"தெரியுமே" என்றார்.

"எப்ப இருந்துங்க?"

"நீங்க குடுத்த அன்னைக்கே. அம்மைக்குக் கை கீறிட்டு. எங்க தொப்பி விளிம்பு உருண்டையா இருக்கும், இது பிளேடு மாதிரில்லா இருக்குன்னா. பெறகு கல்லறையில கொண்டுபோய் வச்சா நிக்கவே மாட்டேங்கு. உருளுது. எங்கய்யா இத தேயிலை பேக்டரியில வச்சு உச்சிய அடிச்சுத் தட்டையாக்குனதே, தரையில உக்காரணும்னுதானே. செபம் முடியுற மட்டும் எங்க அண்ணன் கையிலயே புடிச்சிட்டு நின்னான்."

நான் சேகரிப்பவன். தொப்பியை எப்போதும் நேராக வைத்துத்தான் பார்த்தேன். நசுங்கலை ஒரு குறையாகக் குறித்தேன். அப்படியொரு நசுங்கலை நானும் செய்தேன், உருண்டையாக. அவர்கள் ஒருநாளும் அதை நேராக வைத்ததில்லை.

"அப்ப ஏனுங்க கேக்க வரல?"

"அண்ணன் பாலக்காட்டுக்குப் பஸ் ஏறுதேன்னு நின்னான். ஒங்க கடைய நொறுக்கிருப்பான். அம்மைதான் விடல. கொண்டுபோனவன் கொண்டுவந்தா வரட்டும், இப்ப இந்தத் தொப்பிக்காரரு நம்ம வீட்டுக்கு வந்துருக்காரே, இவரும் யாரோ ஒருத்தர்தானே, இவர வெளிய தள்ள முடியுமான்னா. அடுத்த வருசத்துல இருந்து மூணு கல்லு வச்சு அதுமேல இவர உக்கார வச்சோம்." சற்று நிறுத்தி என்னைப் பார்த்தார். "அதுக்காக ஒங்கமேல கோவமில்லன்னு நெனைக்காதிய. எங்கம்மை சாகுற வரைக்கும் மணல்காரர் எங்க இருக்காரோன்னு கேட்டுக்கிட்டேதான் இருந்தா."

மன்னிப்புக் கேட்டேன். அவர் சரியென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. காப்பி கொண்டுவந்தார்.

குடித்து முடித்ததும், "ஒண்ணு கேக்கேன் அண்ணாச்சி. நீங்க குடுத்த தொப்பி யாருது?" என்றார்.

அதைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும். எந்த ஆலை, என்ன அளவு, ஏன் சாதாரணம் என்று மணிக்கணக்கில் சொல்லுவேன். யாருடையது என்று தெரியாது. யார் கையிலிருந்து வந்தது என்பதற்கு எங்கள் அட்டையில் வரி உண்டு, யார் தலையில் இருந்தது என்பதற்கு ஓர் இடமே கிடையாது.

"தெரியலீங்க."

"சரி. அப்ப அந்தப் பேரே இருக்கட்டும்."

எந்தப் பேர் என்று கேட்க நேரமில்லை. மழை விட்டிருந்தது, கல்லறைத் தோட்டத்துக்கு எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். மாலை நாலரை மணி இருக்கும். தேயிலைச் சரிவின் மேலே, பனி இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. சவரிமுத்துவும் ஞானம்மாவும் அடுத்தடுத்துக் கிடக்கும் கல்லறைகளின் ஓரத்தில், புல் செதுக்கிய ஓரிடத்தில், மூன்று கற்கள் முக்கோணமாக இருந்தன. பல வருடம் ஒரே இடத்தில் இருந்து மண்ணில் பதிந்த கற்கள். புஷ்பம் நான் மாற்றிக் கொடுத்த தொப்பியை அவற்றின்மேல் வைத்தார். பிறகு மணல்காரரின் தொப்பியை எடுத்துப் பக்கத்தில் வெறும் தரையில் வைத்துக் கையை எடுத்தார். அது அசையாமல் உட்கார்ந்தது. டின்னிலிருந்த மணலில் பாதியை அள்ளி ஒரு சிரட்டையில் போட்டு அதற்குள் வைத்தார்.

பங்குச்சாமியார் மடக்கிய குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பட்டியலை வாசித்தார். சவரிமுத்து. ஞானம்மா. மணல்காரர். அதற்கு அடுத்த பெயரையும் அவர் எல்லாப் பெயரையும் போலவே வாசித்தார்: மணல்காரரின் கூட்டாளி.

புஷ்பம் மணல்காரருக்கு ஏற்றினார். பிறகு இன்னொரு மெழுகுவர்த்தியை என்னிடம் நீட்டினார். நான் தயங்கினேன்.

"நீங்கதான் வைக்கணும் அண்ணாச்சி. அவரக் கூட்டிட்டு வந்தது நீங்கதானே."

சுற்றிலும் காற்றில் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்தன. நான் குனிந்து மணலில் ஊன்றி ஏற்றினேன். கையை எடுக்கும்போது விளிம்பு விரலைக் கீறியது.

திரும்பி வந்ததும் சாமியின் அட்டையை எடுத்தேன். கடைசி வரியில் அவர் கையெழுத்தில் "கொடுத்தார்கள்" என்று இருந்தது. அதை அடித்துவிட்டு "எடுத்தேன்" என்று எழுதினேன். அதன் கீழே, திருப்பிக் கொடுத்த நாளையும் எழுதினேன்.

நண்பர்கள் கேட்ட முறை இதுதான். விளிம்பு, துளை, எழுத்து, தோல், சின்னம். பிறகு மூன்று முறை ஏன். தொப்பியை ஒருமுறையாவது தலைகீழாக வைத்துப் பாருங்கள் என்பதை மட்டும் நான் சேர்க்கிறேன். இந்த நவம்பரிலும் சின்னக்கானல் போகிறேன். புஷ்பம் ஆள்விட்டுச் சொல்லியனுப்பியிருக்கிறார், வரும்போது நல்ல ஆற்றுமணல் ஒரு பை கொண்டுவர வேண்டுமாம்.